விட்டுப்போன ங்க

ஜூன் 9, ஞாயிறு

நாட்குறிப்பு எழுதுவது என் யோசனை இல்லை. பெங்களூரில் இருக்கும் மனப் பயிற்சியாளர் ரேணு மேடம் சொன்னது. தோற்றுக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரன் தினமும் எழுத வேண்டுமாம். மேஜையிலும் வீட்டிலும் பேசியதை வார்த்தை மாறாமல் எழுத வேண்டுமாம். அழகுபடுத்தி எழுதினால் பிரயோசனம் இல்லை என்றார். என் மனைவி கோகிலா தமிழ் சொல்லித்தரும் பள்ளியில் மிச்சமான இருநூறு பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் 'தமிழ்க் கட்டுரை' என்று அச்சடித்திருக்கிறது. இருக்கட்டும்.

நான் தண்டபாணி. வயது நாற்பத்தொன்று. வீடு கோயம்புத்தூர் வடவள்ளி. தொழில், போக்கர். பன்னிரண்டு வருஷமாகப் பெரிய மேஜைகளில் மட்டுமே உட்காருகிறேன். ரேணு மேடத்துக்கே ஆட்டம் தெரியாது என்பதால் சுருக்கமாக: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கொடுப்பார்கள். நடுவில் விரிக்கும் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொது. கையில் ஒன்றுமே இல்லாதவனும், எல்லாம் இருப்பதுபோல, பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளைத் தள்ளி எதிராளியை ஓட வைக்கலாம். அந்தப் பொய்க்கு பிளஃப் என்று பெயர். என் சோறு அதில்தான்.

என் முகத்தைப் பார்த்து ஒருவனும் ஒன்றும் கண்டுபிடித்ததில்லை. கல்யாண ஆல்பத்தைப் பார்த்தாலே தெரியும். தாலி கட்டும் படத்துக்கும் பந்தியில் கை கழுவும் படத்துக்கும் முகத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

அப்படிப்பட்ட என்னை எட்டு மாதத்தில் ஏழு முறை கவிழ்த்தவர் கிட்டுசாமி. பொள்ளாச்சிக்காரர், தென்னந்தோப்பு வைத்திருக்கிறார், பொழுதுபோக்குக்கு ஆடுகிறார். டெல்லிப் பையன்கள் அவரை உரித்து உப்புக்கண்டம் போடுகிறார்கள். என்னிடம் மட்டும் அவர் தோற்பதில்லை. நேற்றும் அப்படித்தான்.

"ஏனப்பா தண்டபாணி, சாப்ட்டாச்சா?" என்றார் அவர்.

"ஆச்சுங்கண்ணா."

"கை எப்படி இருக்குது?"

"சூப்பரா இருக்கு."

உடனே எல்லா வில்லைகளையும் தள்ளினார். என் கையில் ஒன்றுமில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கேள்வி. என் உடம்பில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

ஜூன் 10

பள்ளி திறக்கிற நாள். கோகிலா அவசரத்தில் ரவை உப்புமா கிண்டியிருந்தாள்.

"எப்படி இருக்குதுங்க?" என்றாள்.

"நல்லாருக்கு."

தட்டை எடுத்துக்கொண்டு போய் தோசை ஊற்றிக் கொண்டுவந்தாள். எனக்கு உப்புமா பிடிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பதினொரு வருஷமாக உப்புமாவைக் குறை சொன்னதும் இல்லை, முழுசாகச் சாப்பிட்டதும் இல்லை.

ஜூன் 12

ஏ.டி.எம். இயந்திரம் "நன்றி" என்றது. நானும் "நன்றிங்க" என்றேன். பின்னால் நின்ற கல்லூரிப் பெண் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் ங்க போட்டுப் பேசுவது ரத்தத்தில் ஊறியது. எங்கப்பா உழவு மாட்டுக்கே "திரும்புங்க" என்பார். நானும் அப்படித்தான். கோகிலாவையும் நீங்க என்றுதான் பேசுகிறேன். தெரு நாயிடம்கூட "கொஞ்சம் நகருங்க" என்றுதான் சொல்வேன், நகர்கிறது.

ஜூன் 16

மச்சான் வெள்ளிங்கிரி வந்திருந்தார். கோகிலாவின் அண்ணன். கணபதியில் வெட் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிறார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால் ஐந்நூறு விசிட்டிங் கார்டு. 'கே. தண்டபாணி, விற்பனை மேலாளர்', பக்கத்தில் கிரைண்டர் படம்.

"மாப்ள, ஒறம்பரைக்காரங்க, சொந்தபந்தம் எல்லாம் கேக்கறாங்க. கோகிலா ஊட்டுக்காரர் என்ன சோலி பாக்கறாருன்னு. சீட்டாடறாருன்னு நான் எந்த வாயால சொல்றது?"

"வாஸ்தவமுங்க மச்சான்."

"கார்டு எப்படி?"

"பிரமாதம் மச்சான்."

"நம்ம கம்பெனிக்கு வர உங்களுக்கு இஷ்டந்தானுங்களே?"

"ரொம்ப இஷ்டம்."

அடுக்களையில் கோகிலா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "அண்ணா, கோவாவுல பெரிய போட்டி ஒண்ணு ஆகஸ்ட்டுல இருக்குது. அது வரைக்கும் உடுங்க" என்றாள். மச்சான் விரல்விட்டு எண்ணினார். ஆனியில் சேர வைக்கலாம் என்று பார்த்தால் அவர் மலேசியா போகிறார். ஆடியில் யாரும் புது வேலையில் சேரமாட்டார்கள். ஆகவே ஆவணி ஒன்று. அதற்குள் கோவாவில் கோப்பை வாங்கினால் நான் ஆட்டக்காரன். இல்லாவிட்டால் அன்று காலை ஏழரையிலிருந்து எட்டரைக்குள் நல்ல நேரத்தில் கிரைண்டர். கை கொடுத்துக்கொண்டோம்.

தமிழ் மாதங்கள் இவ்வளவு உபகாரம் செய்யும் என்று நினைக்கவில்லை.

ஜூன் 19

ஓட்டையைத் தேடும் வேலை ஆரம்பம். கண்ணாடி முன் இரண்டு மணி நேரம் பொய் சொன்னேன். காது சிவக்கவில்லை. கண் துடிக்கவில்லை. கழுத்து நரம்பு ஒன்று லேசாக ஏறி இறங்குகிறது. மப்ளர் சுற்றிக்கொண்டு காய்கறி வாங்கப் போனேன். தக்காளிக்காரர் காய்ச்சலா என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழம் சும்மா கொடுத்தார்.

ஜூன் 23

கோகிலாவை எதிரில் உட்காரவைத்து ஆடினேன். வில்லைக்குப் பதில் நிலக்கடலை. அவள் ஆறாம் வகுப்புத் தமிழ் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே ஆடினாள். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல், என் பக்கம் தலையைக்கூடத் தூக்காமல்.

"நல்ல கையுங்களா?" என்பாள்.

"அற்புதமான கை" என்பேன்.

ஒரு பிடிக் கடலையை முன்னால் தள்ளுவாள். நான் காலி. மறுபடி, "இப்பங்க?" என்பாள். "ரெண்டு ராணிங்க" என்பேன். சீட்டைக் கவிழ்த்துவிடுவாள். என்னிடம் உண்மையிலேயே இரண்டு ராணி இருக்கும்.

பதினோரு ஆட்டம், முடிவில் என் பக்கம் ஒரு கடலைகூட இல்லை. ஆட்டத்தின் விதிமுறையே அவளுக்குச் சரியாகத் தெரியாது. கடைசி ஆட்டம் முடிந்தபின்தான் ராஜா பெரிசா ராணி பெரிசா என்று கேட்டாள். புதிதாக ஆடுகிறவர்களுக்கு அதிர்ஷ்டம் கூட வரும் என்பது தெரிந்த விஷயம்தான். கடலையை எல்லாம் அவளே உரித்துச் சாப்பிட்டாள்.

ஜூன் 24

இருந்தாலும் கேட்டேன். "நான் பொய் சொன்னா உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"எப்ப இருந்துங்க?"

"நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னியில இருந்து."

"எதை வெச்சுங்க கண்டுபுடிக்கிறீங்க?"

"சொல்லமாட்டனுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "உங்க மூஞ்சியில எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சந்தோசமா இருக்கறீங்களா, வெசனமா இருக்கறீங்களா, ஒண்ணும் தெரியாது. எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டா நான் எதை வெச்சுங்க உங்களைப் படிக்கறது?"

அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. மனைவி கணவனை எதற்குப் படிக்க வேண்டும்? பாடப் புத்தகமா நான்? பெண் பார்க்கப் போனபோது அவள் என்னைத் தனியாகக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்னையப் புடிச்சிருக்குதுங்களா?" அதையே இன்னமும் வருஷா வருஷம் கல்யாண நாளன்று கேட்கிறாள். "மறுபடியும் மொதல்ல இருந்து பொண்ணு பாக்க வந்தீங்கன்னா, என்னையப் புடிச்சிருக்குதுன்னு சொல்லுவீங்களா?" "சொல்லுவனுங்க" என்பேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்து, பாயசத்துக்கு முந்திரி வறுக்கப் போய்விடுவாள். ஒரே வார்த்தையில் திருப்தியாகிற மனுஷி ஓட்டை விஷயத்தில் மட்டும் இப்படிக் கெட்டியாக இருக்கிறாள்.

ஜூன் 29

தோல் டாக்டரிடம் போய் நெற்றியிலும் கன்னத்திலும் பதினாறு ஊசி போட்டுக்கொண்டேன். சினிமாக்காரர்கள் சுருக்கம் போகப் போடுவது. மூன்று மாதத்துக்கு முகத் தசை அசையாதாம். ஓட்டை முகத்தில் எங்கே இருந்தாலும் இனி அடைபட்டது.

ஜூலை 7

கோகிலாவின் சித்தி மகள் கல்யாணம், அன்னூரில். எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். அதாவது சிரித்ததாக நான் நினைத்தேன். முகம் அசையவில்லை. பெண்ணின் அப்பா சந்தனம் நீட்டியபோது நான் பார்த்த பார்வையில் அவர் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வெள்ளிங்கிரி மச்சானுக்குப் போன் பண்ணிவிட்டார்கள்: மாப்பிள்ளை முகம் கொடுத்தே பேசவில்லையாம்.

நான் ஒவ்வொருவரிடமும் "ரொம்ப சந்தோசமுங்க" என்று சொன்னேன். கோகிலா மட்டும், "அவரு நெசமாத்தான் சொல்றாரு" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

ஜூலை 12

பெங்களூர். கல் மாதிரி முகத்தோடு உட்கார்ந்தேன். கறுப்புக் கண்ணாடி, மப்ளர், தொப்பி. கிட்டுசாமி அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை, முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "உன்ற கை எப்படியப்பா?" என்றார். "பயங்கரமா இருக்கு" என்றேன். எட்டாவது முறை.

ஜூலை 13

காலையில் வீடு வந்து சேர்ந்தேன். கோகிலா பையை வாங்கி வைத்தாள்.

"வெசனமா இருக்கறீங்களா?"

"வெசனம் ஒண்ணும் இல்லை."

"கிரைண்டர் கம்பெனிக்குப் போறதுன்னா பரவால்லீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை. போயிடலாம்."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். ஊசி போட்ட முகத்தில் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? குளிக்கப் போய்விட்டேன். தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஹீட்டர் வேலை செய்யவில்லை, அதனால்.

ஜூலை 14

கோகிலா என் நாட்குறிப்பைப் படித்திருக்கிறாள். படித்தது மட்டும் இல்லை, சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறாள். ஒருவன் அந்தரங்கமாக எழுதியதைத் திருத்துவது எந்த ஊர் நியாயம்?

கோடு போட்ட இடங்கள்: சூப்பரா இருக்கு. நல்லாருக்கு. பிரமாதம் மச்சான். ரொம்ப இஷ்டம். அற்புதமான கை. பயங்கரமா இருக்கு. வெசனம் ஒண்ணும் இல்லை. போயிடலாம். வெசனத்துக்கு மட்டும் இரட்டைக் கோடு.

ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சின்ன இடைவெளி விட்டு ஒரு கூட்டல் குறி வேறு. எழுத்து விட்டுப்போனால் ஆசிரியர்கள் போடும் குறி அது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. அகராதி பார்த்தேன், எழுத்துப்பிழை இல்லை. பேச்சுத் தமிழ் என்பதற்காகக் கோடு என்றால் 'ஆச்சுங்கண்ணா'வும் பேச்சுத் தமிழ்தான், அதற்குக் கோடு இல்லை. 'ரெண்டு ராணிங்க' என்பதற்கும் இல்லை.

கேட்டேன். "என்னங்க தப்பு?"

"பசங்க நோட்டுல நான் கோடு மட்டுந்தான் போடுவனுங்க. தப்பை அவங்களே கண்டுபுடிக்கோணும்."

சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். பூண்டு உரித்தால் கண்ணில் தண்ணீர் வராது, வெங்காயத்துக்குத்தான் வரும். ஆனால் துடைத்துக்கொண்டாள்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. ஒரு மாதம் யாரும் என்னை எந்த வேலையிலும் சேர்க்க முடியாது.

ஜூலை 24

கோடுகள் பேச்சு வழக்குக்குத்தான் என்று முடிவு செய்து ஒரு வாரமாகச் செந்தமிழில் பேசுகிறேன். "கோகிலா, சிறிது நீர் தாருங்கள்" என்றதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் "ஏனுங்க, சிலோன்ங்களா?" என்றார். இன்றோடு விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. கோகிலா தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் கட்டினாள். நொய்யல் கரைக்குப் போனோம். கோவாவுக்குத் துணி எடுத்துவைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10

கோவா. மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலில் போட்டி. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஊசி மருந்து பாதி இறங்கிவிட்டது, இடது பக்கம் மட்டும் சிரிக்க முடிகிறது. கிட்டுசாமி அண்ணன் ஒரு டின் நிறையத் தேங்காய் பர்பியோடு வந்திருக்கிறார். எனக்கு இரண்டு கொடுத்தார். நல்ல மனுஷர்.

ஆகஸ்ட் 11

இன்று நடந்ததை வார்த்தை மாறாமல் எழுத வேண்டும்.

மேஜையில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது விதி. பந்தயத்தை ஏற்ற நான் "ரெய்ஸுங்க" என்றேன். சீட்டுப் போடும் பெண் நிமிர்ந்து, "ரெய்ஸ் என்ன?" என்று கேட்டாள். "ரெய்ஸுங்க" என்றேன். அவள் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். பெர்னாண்டஸ் என்பவர், கோட்டு போட்டவர், வந்தார். ஆட்டம் நின்றது.

ங்க என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். மரியாதை என்றேன். யாருக்கு மரியாதை என்றார். எல்லாருக்கும் என்றேன். வில்லைகளுக்குமா என்றார். யோசித்துவிட்டு, ஆமாம் என்றேன். அது ஆங்கிலம் இல்லை, ஆகவே இனி சொன்னால் எச்சரிக்கை என்றார்.

அப்போதுதான் கிட்டுசாமி அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எங்கள் மண்ணின் மரியாதையைத் தடை செய்ய இவர் யார் என்றார். ங்க இல்லாமல் இந்தத் தம்பியால் மூச்சுக்கூட விட முடியாது என்றார். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தம்பி வாயைத் திறந்தால் ங்க, என்று மேஜையைத் தட்டினார். பிறகு சேர்த்தார்: "ஆல்மோஸ்ட் ஆல்வேஸ்."

சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். ஒரு பர்பியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பெர்னாண்டஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டி, தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணி, முக்கால் மணி நேரம் கழித்துத் தீர்ப்புச் சொன்னார். ங்க அனுமதிக்கப்படுகிறது, கட்டாயம் இல்லை. மேஜையில் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்காக ஒரு மனுஷர் இப்படி வாதாடியது நெஞ்சைத் தொட்டுவிட்டது. அண்ணனுக்கு நன்றி சொன்னேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 12

காலை. நாளைக்கு இறுதி ஆட்டம். ஒன்பது பேரில் நானும் இருக்கிறேன், கிட்டுசாமி அண்ணனும் இருக்கிறார்.

ஆல்மோஸ்ட் ஆல்வேஸ். கிட்டத்தட்ட எப்போதும். அப்படியென்றால் ஒருசில நேரம் இல்லை. எந்த நேரம்?

நோட்டை எடுத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடுகளைப் பார்த்தேன். கூட்டல் குறிகளைப் பார்த்தேன்.

சூப்பரா இருக்கு, ங்க இல்லை. நல்லாருக்கு, ங்க இல்லை. பிரமாதம் மச்சான், ரொம்ப இஷ்டம், ங்க இல்லை. வெசனம் ஒண்ணும் இல்லை, ங்க இல்லை.

நாய்க்கும் ஏ.டி.எம். இயந்திரத்துக்கும் ங்க போடுகிறவனுக்குப் பொய் சொல்லும்போது மட்டும் ங்க விட்டுப்போகிறது. பொய்யைத் தயார் பண்ணுவதிலேயே மூளை முழுசும் போய்விடுகிறது போல, மரியாதைக்கு மிச்சம் இருப்பதில்லை. டெல்லிக்காரனுக்கு இது காதில் விழாது. பொள்ளாச்சிக்காரருக்கு விழும். தமிழ் வாத்தியாரம்மாவுக்கு விழாமலா இருக்கும்?

முகத்தில் பதினாறு ஊசி. வெயிலில் மப்ளர். ஒரு வாரம் செந்தமிழ். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

கோகிலாவுக்குப் போன் பண்ணினேன். இடைவேளை மணி அடிக்கும் சத்தம் கேட்டது. "கண்டுபுடிச்சுட்டனுங்க" என்றேன்.

"சரிங்க. இனி ஜெயிச்சுருவீங்க" என்றாள்.

"வெசனமா இருக்கறீங்களா?"

"இல்லீங்க."

அவள் எல்லாவற்றுக்கும் ங்க போடுகிறவள். உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பதினொரு வருஷமாக நான் அவளைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. முகத்தைப் படித்துச் சம்பாதிக்கிறவன் நான்.

சாயங்காலம் அறையில் பயிற்சி. கண்ணாடி முன்னால் கெட்ட கையோடு உட்கார்ந்து, மொத்த வில்லையையும் தள்ளுகிற பாவனையில் "ஆல்-இன்னுங்க, ஆல்-இன்னுங்க" என்று நூறு முறை சொன்னேன். ஐம்பதாவது முறைக்குமேல் எனக்கே சந்தேகம் வரவில்லை. அவ்வளவு சுத்தமான பொய்.

ஆகஸ்ட் 13

மத்தியானம் மூன்று மணிக்கு மேஜையில் இரண்டே பேர். நானும் கிட்டுசாமி அண்ணனும். கேமரா, விளக்கு. அரை மணி நேரத் தாமதத்தில் ஊருக்கெல்லாம் ஒளிபரப்பு.

காலையிலிருந்து நல்ல கையாகவே வந்தது. எல்லாவற்றுக்கும் தானாக ங்க விழுந்தது. அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடினார். அப்புறம் அந்தக் கை வந்தது. ஏழும் இரண்டும். போக்கரில் இதைவிட மோசமான கை கிடையாது. நடுவில் விரித்த ஐந்தில் ஒன்றுகூட எனக்கு உதவாது. ஆனால் வில்லைகள் மலையாகக் குவிந்துவிட்டன. விட்டுவிட்டு ஓடினால் கிரைண்டர். ஓடாமல் நின்றால், எல்லாவற்றையும் தள்ளிப் பொய் சொல்ல வேண்டும்.

ஒரு ங்க போட்டால் போதும். அண்ணன் நம்பிவிடுவார். நேற்று நூறு முறை சொன்னதுதான்.

வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஆகஸ்ட் இருபது ஞாபகம் வந்தது. கல்யாண நாள். அவள் கேட்பாள், நான் "சொல்லுவனுங்க" என்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள், முகத்தில் ஒன்றும் இருக்காது. ங்கவை மட்டும் கேட்பாள். இங்கே ஒரு தடவை பொய்யாகப் போட்டுவிட்டால் அங்கே நான் போடும் ங்கவுக்கு என்ன மதிப்பு? கோப்பையோடு வீட்டுக்குப் போவேன். ஆனால் என்ன சொன்னாலும் அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. ஆட்டத்தில் இப்படிப் பயந்ததே இல்லை.

"ஆல்-இன்" என்றேன்.

ங்க போடவில்லை. வில்லைகளைத் தள்ளிவிட்டேன். கிரைண்டர் படம் போட்ட கார்டு கண் முன்னால் வந்து நின்றது.

கிட்டுசாமி அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். "வேர் இஸ் தி ங்க?" என்றார். பெர்னாண்டஸைக் கூப்பிட்டு, இவர் ங்க போடவில்லை என்று புகார் சொன்னார். அவர் புத்தகத்தைப் பார்த்து, "அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை" என்றார். அண்ணனுக்கு வியர்த்தது. தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். ஏழு நிமிஷம். கடைசியில் தன் சீட்டைத் திருப்பி மேஜையில் போட்டார். இரண்டு ராஜா. போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார்.

அடுத்த இரண்டு கையில் மீதி வில்லையும் வந்து சேர்ந்தது. கோப்பை எனக்கு.

கை குலுக்கும்போது அண்ணன் காதருகில் வந்தார். "முந்தாநேத்து நானே வாய் தவறி உளறிட்டேன். நீ புடிச்சிருப்பேன்னு தெரியும். இன்னிக்கு ங்க இல்லாம வந்தயா, அது எனக்கு வெச்ச பொறின்னு நெனச்சேன். பெரிய கை, அதனாலதான் நீ வேணும்னே ங்கவை உட்டிருக்கறேன்னு. கெட்டிக்காரனப்பா நீ. என்ன வெச்சிருந்தே?"

"ஏழும் ரெண்டுமுங்கண்ணா."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் பெரிய தந்திரம் பண்ணியதாக ஊர் முழுக்கப் பேச்சு. பொய் சொல்ல மனசு வராமல் ஜெயித்த ஒரே போக்கர் ஆட்டக்காரன் நானாகத்தான் இருப்பேன். இதை வெளியே சொன்னால் தொழில் நடக்காது.

ஆகஸ்ட் 17, ஆவணி 1

நல்ல நேரத்தில் வெள்ளிங்கிரி மச்சான் வந்தார். கோப்பையைத் தூக்கிப் பார்த்து, "எத்தனை லிட்டர் புடிக்கும்?" என்றார். விசிட்டிங் கார்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 'கே. தண்டபாணி' என்ற இடத்தை அடித்துவிட்டு வேறு ஆள் பெயர் எழுதிக்கொள்ளலாமாம்.

போகும்போது சொன்னார்: "கடைசி ஆட்டத்தை நம்ம ஷோரூம் டி.வி.யிலதான் பாத்தோம் மாப்ள. கோகிலா அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருந்துச்சு. நீங்க 'ஆல்-இன்'னு சொன்னதும் அது பொட்டுனு அழுதுருச்சு. சரி, மாப்ள தோத்துட்டாருன்னு நெனச்சு நான் கார்டை எடுத்து மேசை மேல வெச்சேன். பாத்தா அழுதுட்டே சிரிக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்குல."

"எனக்கும் வெளங்கலை" என்றேன்.

உள்ளே கோகிலா சிரிப்பது கேட்டது.

ஆகஸ்ட் 20

கல்யாண நாள். மருதமலை போய்விட்டு வந்தோம். கோகிலா புடவைகூட மாற்றாமல் எதிரில் வந்து நின்று கேட்டாள்.

"மறுபடியும் மொதல்ல இருந்து பொண்ணு பாக்க வந்தீங்கன்னா, என்னையப் புடிச்சிருக்குதுன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவனுங்க."

அவள் உடனே முந்திரி வறுக்கப் போகவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், சத்தம் அடங்குகிற வரைக்கும். அப்புறம் தலையை ஆட்டிவிட்டு அடுக்களைக்குள் போனாள். எனக்கு நெஞ்சு லேசானது. கோவாவில்கூட இப்படி இல்லை.

பாயசத்துக்கு நேரமாகும் என்று அவசரத்துக்கு உப்புமா கிண்டித் தட்டில் வைத்தாள். இரண்டு வாய் தின்றேன்.

"எப்படி இருக்குதுங்க?" என்றாள்.

"நல்லாருக்கு."

தட்டை எடுத்துக்கொண்டு போய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.